செண்டுமல்லிப் பாத்தியில் களை எது, கன்று எது?

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு வீட்டுப் பூவிலேயே மாலை கட்டலாம் என்று நவம்பர் தொடக்கத்தில் செண்டுமல்லி, காஸ்மோஸ், காசித்தும்பை விதைகளைப் பாத்தியில் தூவினேன். பத்து நாளாக நல்ல மழை. இப்போது பாத்தி முழுக்கப் பச்சை. பாதிக்குப் பாதி ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைப் பிடுங்குவது, எதை விடுவது? (சாட்ஸ்வொர்த், டர்பன் வாசகி)

பதில்: இன்னும் ஒரு வாரம் பாத்தியில் கை வைக்காதீர்கள். முளைத்தவுடன் விரியும் இரண்டு வித்திலைகளை மட்டும் பார்த்துச் செடியை இனம் காண்பது பழகிய கண்ணுக்கே சிரமம். அதற்கு மேல் இரண்டு ஜோடி இலைகள் வந்துவிட்டால் யார் பார்த்தாலும் தெரியும். அந்த ஒரு வாரத்தில் எந்தக் களையும் பூத்து விதை போட்டுவிடாது. அவசரப்பட்டுக் கன்றைப் பிடுங்கிவிட்டால்தான் நஷ்டம். பெரிய பூச் செண்டுமல்லி பூக்கப் பத்திலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும்; மறுபடி விதைத்தால் தைப்பூசத்துக்குப் பூ வராது.

உங்கள் பாத்தியில் குழப்பம் செய்வது பெரும்பாலும் பிளாக்ஜாக்தான். காய்ந்தபின் கறுப்பு ஊசிபோல் சேலையிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு வருமே, அதே செடி. அதன் வித்திலைகள் ஒடுங்கி இரண்டு, மூன்று செ.மீ. நீளம் இருக்கும், செண்டுமல்லியினுடையது அதைவிடச் சிறியது. அடுத்து வரும் இலைகளில் வித்தியாசம் இன்னும் தெளிவு. பிளாக்ஜாக்கின் இலை மூன்று, சில நேரம் ஐந்து, அகலமான பிரிவுகளாக, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும். செண்டுமல்லி இலையில் நடு நரம்பின் இருபுறமும் குறுகிய சிற்றிலைகள் வரிசையாக நிற்கும்; ஒவ்வொரு இலை வரும்போதும் அவற்றின் எண்ணிக்கை கூடும். தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். பிளாக்ஜாக் தண்டு நாலு பட்டையாகக் கையில் தட்டும்.

இதற்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். செண்டுமல்லியானால் ஓரத்தை ஒட்டி ஊசிமுனை அளவு ஒளிபுகும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வரும் காரமான பூமாலை வாசனை அவற்றிலிருந்துதான் வருகிறது. பிளாக்ஜாக்கில் புள்ளியும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. பிடுங்கிய இளஞ்செடி வீண் என்று நினைக்க வேண்டாம். சூலு வீடுகளில் இதன் கொழுந்தைக் கீரையாகச் சமைக்கிறார்கள்.

ஆனால் வாசனையை மட்டும் நம்பினால் ஏமாற வைக்கும் களை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது: காக்கிபோஸ். இதுவும் செண்டுமல்லி இனம்தான், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆங்கில-போயர் போரின்போது குதிரைத் தீவனத்தோடு பரவியது என்பார்கள். அதே வாசனை, அதே சுரப்பிப் புள்ளிகள். சின்னக் கன்றாக இருக்கும்போது இரண்டையும் பிரிப்பது உண்மையிலேயே கடினம், அதனால் முயல வேண்டாம். முழங்கால் உயரம் வரும்வரை விட்டுவிடுங்கள். காக்கிபோஸ் கிளை பரப்பாமல் ஒல்லியாக நேரே ஏறும், சிற்றிலைகள் மெலிந்து வெளிறியிருக்கும். பகல் குறுகும் இலையுதிர் காலத்தில்தான் அது பூக்கும். ஆகவே ஜனவரி பாதியில் மற்றவை தடித்த மொட்டோடு நிற்கும்போது மொட்டே இல்லாமல் உயர்ந்து நிற்பதைத் தயங்காமல் பிடுங்கலாம். சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காஸ்மோஸில் இளஞ்சிவப்பு, வெள்ளை ரகமானால் கவலையில்லை. முதல் ஜோடிக்குப் பிறகு இலை நூல் நூலாகப் பிரிந்துவிடும். மஞ்சள், ஆரஞ்சு ரகத்துக்கு இலை சற்று அகலம். அங்கே பிளாக்ஜாக்கோடு குழப்பம் வரும். மூன்று அல்லது ஐந்து பிரிவோடு நின்றுவிட்டால் களை, மேலும் மேலும் பிளந்துகொண்டே போனால் காஸ்மோஸ். காசித்தும்பை தடித்த, வட்டமான வித்திலையோடும் நீர் நிறைந்த தண்டோடும் வருவதால் தனியாகவே தெரியும்.

தரையோடு ஒட்டி, வெளிர்பச்சையில், பிளந்த இலைகளை வட்டமாக விரித்துக் கிடக்கும் செடி இருந்தால் கவனம். அது பார்த்தீனியம். சாமந்திக் கன்று என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் உண்டு. சாமந்தி இலையைக் கசக்கினால் நல்ல மணம் வரும். பார்த்தீனியத்தில் அது வராது, இலையில் மெல்லிய ரோமம் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இது முதன்முதலில் பதிவானதே டர்பனுக்குப் பக்கத்து இனாண்டாவில்தான், 1880இல். தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் வரவழைக்கும் செடி இது. ஒரே செடி பல்லாயிரம் விதை போடும். கையுறையோடு, மண் ஈரமாக இருக்கும்போது, சிறு வெள்ளைப் பூ வருவதற்கு முன் வேரோடு எடுத்துவிட வேண்டும். அயல் ஊடுருவித் தாவரங்களின் அரசுப் பட்டியலில் இது 1பி பிரிவு; அதாவது உங்கள் நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்த வேண்டியது உங்கள் சட்டக் கடமை. அழகாக இளஞ்சிவப்புப் பந்தாகப் பூக்கும் பாம்பாம் களையும், நீலப் பூவோடு வரும் அஜெரேட்டமும், உண்ணிச்செடியும் அதே பிரிவுதான். பூ அழகாயிருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள்.

கோரையைப் பூச்செடியாக யாரும் நினைப்பதில்லை, ஆனால் மழை லில்லிக் கிழங்கு நட்டிருந்தால் இலை பார்த்து ஏமாறலாம். தண்டை உருட்டுங்கள், முக்கோணமாக இருந்தால் கோரை. அதை மேலே பிடித்து இழுத்தால் இலை மட்டும் வரும், கிழங்கு மண்ணில் நின்று மறுபடி முளைக்கும். தோட்ட முள்கரண்டியை 15-20 செ.மீ. ஆழம் இறக்கி, சங்கிலிபோல் கோத்திருக்கும் கிழங்குகளை அப்படியே தூக்க வேண்டும். விட்டுப்போனவை முளைக்கும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுத்தால்தான் சோர்ந்துபோகும்.

பட்டுரோஸ் வைத்திருந்தால் பருப்புக்கீரையோடு குழம்பும். இலை உருண்டு ஊசியாக இருந்தால் பட்டுரோஸ், தட்டையாக இருந்தால் கீரை. சமைக்கப் பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள்; பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி வகை, குழம்பில் போடாதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் விதையைத் தூவியதுதான். அடுத்த முறை பாத்தியைக் கொத்தி, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் சும்மா விடுங்கள். முளைக்கும் களையை மண்வெட்டியால் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மட்டும் சீவுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் விதை மேலே வந்துவிடும். பிறகு கயிறு கட்டி, 30 செ.மீ. இடைவெளியில் நேர்கோடாக விதையுங்கள். கோட்டுக்கு வெளியே முளைப்பதெல்லாம் களை. அதே பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை விதையைக் கடையில் வாங்கிய தொட்டி மண்ணில் போட்டு, பெயர் எழுதி ஓரமாக வையுங்கள். பாத்தியில் சந்தேகம் வந்தால் தொட்டிக் கன்றோடு ஒப்பிடலாம். கன்று செத்துப்போன இடத்தில் நடவும் கன்று கையில் இருக்கும். கன்று ஒரு சாண் வளர்ந்ததும் 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த புல் மூடாக்கு போடுங்கள். மட்காத மாட்டு எருவையோ குதிரை எருவையோ போடவே வேண்டாம்; களை விதை பெரும்பாலும் அதில்தான் வருகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றிக் களையைக் கொல்வதும் வேண்டாம், பிறகு அந்த மண்ணில் பூவும் வராது.

பூக்காத களையை வேர் மேலே பார்க்கும்படி அங்கேயே காயவிடலாம். கோரைக் கிழங்கு, பருப்புக்கீரைத் துண்டு, பூத்துவிட்ட எதுவானாலும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட வேண்டும், உரக்குழிக்குப் போகக்கூடாது.