தோழிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் எம்பிராய்டரிக்குக் காசு கேட்கலாமா?

"கையால் எம்பிராய்டரி படம் தைப்பேன். பழகியவர்கள் கேட்டால் காசு வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு?" இதுதான் கேள்வி. படித்ததுமே தெரிகிறது, ஒருத்தி ஏற்கெனவே போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். நீங்களும் "உனக்குச் செய்யாம வேற யாருக்கு" என்று சொல்லிவிட்டீர்கள். இப்போது ராத்திரி பதினோரு மணிக்கு ஊசியும் கையுமாக உட்கார்ந்து இதைத் தட்டியிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

வாங்குங்கள். தொகையைத் துணி வெட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பதில் அவ்வளவுதான். அவசரக்காரர்கள் இதோடு போகலாம்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். பகலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன், தையல் ராத்திரியில்தான். கற்றுக்கொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர்மார். காடாத் துணியில் ஓட்டுத்தையல், காம்புத்தையல், சங்கிலித்தையல் என்று வரிசையாகப் போடச் சொல்லிவிட்டு, மார்க் மட்டும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் போடுவார்கள். பின்பக்கம் முடிச்சும் பிசிறுமாக இருந்தால் முன்பக்கம் ரோஜாப்பூவே பூத்திருந்தாலும் பூஜ்யம்தான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இதைச் சொல்வது பீற்றிக்கொள்ள இல்லை, நான் ஏதோ யூடியூப் பார்த்துப் போன வருஷம் ஆரம்பித்தவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

விஷயத்துக்கு வருகிறேன். கூடப் படித்தவள் ஒருத்தி. அவள் அப்பாவிடம் விசைப்படகு ஒன்று இருந்தது. சில வருஷத்துக்கு முன்னால் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில், இலங்கையிலேயே நின்றுபோனது. ஆட்கள் வந்துவிட்டார்கள், போட்டு வரவில்லை. (யார் சரி, யார் தப்பு என்று பேச நான் வரவில்லை. கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள்.) அப்பாவுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்தப் போட்டைத் தைத்துக் கொடு என்று கேட்டாள். "எவ்வளவுன்னாலும் சொல்லுடி" என்று அவளாகவே கேட்டாள், அதை நான் மறைக்கக் கூடாது. நான்தான் பெரிய மனுஷி மாதிரி "உங்கிட்டயா காசு?" என்றேன். அந்த ரெண்டு வார்த்தைக்கு எனக்கு ஆன செலவைத்தான் எழுதப் போகிறேன்.

துணி 16-க்கு 12 அங்குலம். காடாத் துணியைச் சுடுதண்ணீரில் அலசி, கஞ்சியைப் போக்கி, காயவைத்து எடுத்தேன். (இதைச் செய்யாமல் தைத்தால் முதல் துவைப்பில் துணி சுருங்கும், தையல் சுருங்காது, படம் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும்.) எம்பிராய்டரி நூல் ஒரு லச்சியை (சுற்றிக் கட்டிய சின்ன நூல்கட்டு) எடுத்தால் அந்த நூலில் 6 இழை இருக்கும். போட்டின் கட்டைக்கு 3 இழை, கடலுக்கு 2 இழை, கயிறுகளுக்கு ஒற்றை இழை. கடலுக்கு மட்டும் நீலத்தில் ஒன்பது ஷேடு வைத்தேன். நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிக் குத்தி, ஒரு ஷேடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் கொண்டுபோக வேண்டும். ஒரு ராத்திரிக்கு உள்ளங்கை அளவு நகர்ந்தால் பெரிது.

பாதியில் ஒரு நீலம் தீர்ந்துபோனது. தீவுக்குள் கிடைக்கவில்லை. அப்போது ரயிலும் கிடையாது. பாம்பனில் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் வண்டி திரும்ப இந்தப் பக்கம் வந்தது. ஒரு லச்சி நூலுக்காக ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். கடைக்காரர் "இதுவும் நீலந்தானேம்மா" என்று வேறொன்றை எடுத்து நீட்டினார். ஷேடு நம்பர் என்று ஒன்று இருக்கிறது என்று அவருக்கு விளக்குவதற்குள் திரும்பிப் போகிற பஸ் கிளம்பிவிட்டது.

எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மாமா (அவள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) இப்போது வேறொருவர் போட்டில் போகிறார். சனிக்கிழமை போனால் ஞாயிறு காலையில் கரை, அதனால் ஞாயிறு மத்தியானம் கொடுப்பதாக ஏற்பாடு. வீடு நிறைய ஆட்கள். பிரேமை அவர் கையில் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அழப் போகிறார் என்று நினைத்து நான் போனை எடுத்து வீடியோவை ஆன் செய்துவிட்டேன், வெட்கக்கேடு.

"ஏத்தா, இது எங்க போட்டு இல்லையே."

அணியத்தில், அதாவது போட்டின் முன்பக்கத்தில், நான் வெள்ளை நூலால் தைத்திருந்த நம்பர்மேல் விரலை வைத்தார். "எங்களுக்குக் கடைசி எண் மூணு. இது எட்டு. எட்டு யாரு போட்டு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை, அங்கே இருந்த மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலை அறுந்த தகராறில் மாமா வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத மனுஷருடைய போட்டு அது. வீடே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. பிரேமைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "அப்புறம் இது தென்கடலு. நம்ம போட்டு என்னைக்குத்தா தென்கடலுக்குப் போச்சு?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, காற்றடித்தால் கலங்கிப் பச்சையும் சாம்பலுமாகக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, அது நீலம். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாலே தெரியும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பார்த்தும், அழகாக இருக்கும் என்று தெற்குக் கடலைத் தைத்துவிட்டேன்.

அவள் அனுப்பிய போட்டோ, ஆல்பத்தில் இருந்த படத்தை மறுபடி போனில் எடுத்தது. நம்பர் மங்கல். மூன்று எட்டாகத்தான் தெரிந்தது. சந்தேகம் வந்தபோது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். சும்மா செய்து கொடுக்கிறோமே, இதில் கேள்வி வேறு கேட்க வேண்டுமா என்று உள்ளே ஒரு திமிர். காசு வாங்கியிருந்தால் நான் வேலைக்காரி, தப்பு வந்தால் என் தப்பு, திருத்துவது என் பொறுப்பு. ஓசியில் செய்ததால் தியாகி ஆகிவிட்டேன். தியாகியிடம் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. நாலு மாதம் தோழியிடம் நான் சரியாகப் பேசவில்லை. அவளோ "ஒரு நம்பர்தானடி, அஞ்சு நிமிஷத்துல மாத்திரலாம்ல?" என்று கேட்டுவிட்டாள்.

3-ஐ 8 ஆக்குவதுதான் அஞ்சு நிமிஷ வேலை. 8-ஐ 3 ஆக்குவது என்னவென்று சொல்கிறேன். அடியில் பச்சை நூல் அடர்த்தியாக நிரப்பிய கட்டை, அதன் மேல் வெள்ளை எண். பின்பக்கம் வெட்டினால் பச்சையும் சேர்ந்து அறுந்துவிடும், அதனால் முன்பக்கத்திலிருந்தே குட்டிக் கத்தரியின் நுனியை வெள்ளைக்கு அடியில் மட்டும் விட்டு ஒவ்வொரு இழையாக அறுக்க வேண்டும். அறுத்ததைப் புருவம் எடுக்கிற இடுக்கியால் இழுக்க வேண்டும். பச்சைமேல் வெள்ளைப் பிசிறு மாவு கொட்டிய மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுத்தேன். ஊசி போன ஓட்டைகளை ஈரவிரலால் நனைத்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து மூட வேண்டும். பருத்தியாக இருந்ததால் மூடியது, பட்டாக இருந்தால் ஓட்டை ஓட்டைதான். மூன்று ராத்திரி போனது. கடலை நான் பிரிக்கவில்லை. அது முடியாது.

இதைப் படித்துவிட்டு "நட்புக்கு விலை போடுகிறாயா" என்று ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். ஐயா, நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேஜையில் போய் நில்லுங்கள். ஊர், பேர், தொகை என்று நோட்டில் எழுதி, சில இடத்தில் மைக்கிலும் சொல்கிறார்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். அதில் உறவு கெட்டா போய்விட்டது? எழுதாமல் விட்டால்தான் கெடுகிறது.

எவ்வளவு என்று கேட்டீர்கள். துணி, நூல், பிரேம் மூன்றுக்கும் ஆகிற அசலை முன்பணமாக வாங்கிவிடுகிறேன். கூலி, உத்தேசமாக எத்தனை ராத்திரி ஆகும் என்று கணக்குப் பார்த்து, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று. தொகையைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பாதிப் பேர் கொள்ளை என்பீர்கள், மீதிப் பேர் இவ்வளவு குறைவாக வாங்கி மார்க்கெட்டைக் கெடுக்கிறாள் என்பீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், யாரிடமும் பாக்கி கேட்பதில்லை. அது ஊர் நியாயம். பெயர், தேதி, நம்பர் எதுவானாலும் கேட்பவர் கையால் தாளில் எழுதித் தர வேண்டும். போட்டோவை நம்பித் தைக்க மாட்டேன்.

கடற்கரை ஊராக இருந்தால் ஒன்று கவனியுங்கள். உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும். வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள், பவுடர் போட்ட டப்பாவில் போடுங்கள். பிரேம் கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துப் புள்ளி புள்ளியாகப் பூசணம் வரும்.

சம்பந்தமில்லாததையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக நெஞ்சில் கிடக்கிறது. வெளியூர்த் தோழிகள் கேட்பது ரெண்டே ரெண்டுதான். ஒன்று பாம்பன் பாலம். அது சந்தோஷமாகச் செய்வேன். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் தூக்கு ரெண்டு பக்கமும் கை விரித்த மாதிரி திறந்துகொண்டிருந்தது, கம்பிகள் முக்கோணம் முக்கோணமாக ஒற்றை இழையில் ஓடிவிடும், தைப்பவளுக்கு லாபம். இன்னொன்று தனுஷ்கோடியில் இடிந்த சர்ச். அதைக் கேட்கும்போதே "அந்தப் பேய் ஊர்ப் படம்" என்று கேட்கிறார்கள். எங்கள் அம்மாச்சி பிறந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் உடுத்திய துணியோடு வந்தவர். ஸ்டேஷன், போஸ்டாபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். இன்றைக்கும் அங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோ எடுக்க வருகிறவர்கள் அவர்கள் வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இங்கே மனித நடமாட்டமே இல்லை" என்று கேமராவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பின்னால் ஒரு பிள்ளை சட்டை போடாமல் நின்று சிரித்துக்கொண்டிருக்கும். பேய் என்று சொன்னவருக்கு அந்த சர்ச் படத்தைத் தைத்துத் தருவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும்.

சரி. மாமா வீட்டில் படம் இப்போது டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் "போட்டு எங்களுது, கடலு மட்டும் அந்தப் பிள்ளையோடது" என்று காட்டுகிறாராம். அவளும் நானும் பழையபடி பேசிக்கொள்கிறோம்.

கதை ஊருக்குள் பரவி, அந்த எட்டாம் நம்பர்க்காரர் போன மாதம் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டு, தயங்கித் தயங்கி, "நம்ம போட்டை ஏற்கெனவே தச்சுட்டியாமே, அதை எனக்குத் தரக் கூடாதா?" என்றார். அதைப் பிரித்துவிட்டேன், புதிதாகத்தான் தைக்க வேண்டும் என்றேன். முன்பணம் வாங்கியாகிவிட்டது. நம்பரை மாத்திரை பில்லின் பின்பக்கம் அவரே எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை கடலுக்குப் பச்சையில் ஏழு ஷேடு எடுத்து வைத்திருக்கிறேன்.