அப்பா எதற்குப் பயப்படுகிறார்?

கேள்வி: கோவையில் ஒரு கட்டுமான டிசைன் நிறுவனத்தில் பத்து வருடமாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயராக இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 70 ஆயிரம் வருகிறது. முன்பு என்னோடு வேலை பார்த்த அண்ணா ஒருவர் தனியாக அலுவலகம் போட்டிருக்கிறார். கன்சல்டன்டாக வந்தால் மாதம் 1.20 லட்சம் தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். கணவர் “உன் இஷ்டம்” என்கிறார். அப்பா மட்டும் “பர்மனென்ட் வேலைய விட்ராத கண்ணு” என்று ஒரே பிடியாக நிற்கிறார். இத்தனைக்கும் மில்லை மூடியபோது பர்மனென்ட் ஆளான அவரும்தான் வெளியே வந்தார். எனக்கோ ஒன்றாம் தேதி மதியத்துக்குள் சம்பள மெசேஜ் வராவிட்டாலே படபடப்பு வந்துவிடும். ஆனாலும் போகத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. தூக்கமே இல்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, 1.20 லட்சத்தைவிட அந்த ஒன்றாம் தேதி படபடப்பைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கன்சல்டன்ட் வேலையில் பில் கொடுத்துவிட்டு ஒன்றரை மாதம் காத்திருப்பது சகஜம். வரும் பணத்திலும் வருமான வரிக்காக டி.டி.எஸ். என்று 10 சதவீதம் முன்கூட்டியே பிடித்திருப்பார்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, சம்பளத்தோடு விடுப்பு, மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் இனி உங்கள் பொறுப்பு. இவற்றைக் கழித்துவிட்டு 70 ஆயிரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். “மில்லு மூடுனப்ப எப்படிப்பா சமாளிச்சீங்க?” என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள். கோவையில் மில் மூடிய வீடுகளில் வளர்ந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். பி.எஃப். பணத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த கதை, செட்டில்மென்டுக்கு வருடக்கணக்கில் அலைந்த கதை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில் உங்களுக்குத் தெரியாமல் பெரியவர்கள் பட்ட கவலையின் மிச்சம்தான் இந்தப் படபடப்போ என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வாய்திறந்து சொன்னால் பாதி பாரம் இறங்கும், இருவருக்குமே.

போக வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது, அதை அடக்காதீர்கள். ஆனால் உடனே ராஜினாமா வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போடுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருந்தால் வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சுயதொழில் என்றால் வங்கிகள் பொதுவாக இரண்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்கும். பத்து வருட சர்வீசுக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை வரும். அதைத் தொடாதீர்கள்.

பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம், இடையில் நிறுத்தினால் எத்தனை மாத நோட்டீஸ் என்ற இரண்டையும் அந்த அண்ணாவிடம் எழுத்தில் கேளுங்கள். பழகியவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். அவர் தரும் பதிலை வைத்து முடிவெடுங்கள்.