நேற்று நன்றாக இருந்தேன், இன்று எழவே முடியவில்லை: எம்.எஸ். அசதியோடு நாட்களைத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: எனக்கு எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது நான்கு வருடங்களுக்கு முன்பு தெரிந்தது. நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் அசதி எப்போது வரும் என்று சொல்லவே முடியவில்லை. ஒரு நாள் வீடு முழுக்கச் சுத்தம் செய்கிறேன், மறுநாள் பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லை. “நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். யாரிடமும் “வருகிறேன்” என்று சொல்லவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சோம்பேறியும் இல்லை, இது உங்கள் கற்பனையும் இல்லை. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த அசதி உண்டு. கால் மரத்துப்போவதையும் பார்வை மங்குவதையும் விட இதுதான் தங்களை அதிகம் முடக்குகிறது என்று பலர் சொல்வார்கள். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுவதால், உறை உரிந்த மின்கம்பி மாதிரி அவற்றில் செய்தி தடுமாறிப் போகிறது, சில சமயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது, அதனால் பழைய வேலையையே செய்து முடிக்க மூளை முன்பைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் தெரியும் தழும்புகளுக்கும் அசதியின் அளவுக்கும் நேரடிப் பொருத்தம் கிடையாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் உங்கள் அசதி பொய்யாகிவிடாது.

அதே சமயம், எல்லாப் பழியையும் எம்.எஸ். தலையில் போட்டுவிடாதீர்கள். இரவில் சிறுநீர் கழிக்க நாலைந்து தடவை எழுந்திருக்கிறீர்களா, கால் இழுத்துப் பிடித்துத் தூக்கம் கெடுகிறதா, குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, மனம் வாரக்கணக்கில் எதிலும் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைபாடு இதற்கெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென், டிசானிடின், நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் போன்றவையும் ஆளைத் தூக்கத்தில் தள்ளும். அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இவற்றில் ஒன்று சரியானாலே சிலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

சரி, இப்போது வீடு முழுக்கச் சுத்தம் செய்த அந்த நாளுக்கு வருகிறேன். கெட்ட நாட்களைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது அதற்கு முந்தைய நல்ல நாளைப் பற்றி. தெம்பு இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான், தேங்கிக் கிடக்கும் வேலை அப்படித் துரத்தும். ஆனால் அப்படி முழுவதையும் செலவழித்த நாளுக்கு அடுத்த ஓரிரு நாட்கள் படுக்கையில் போவதும், தேறியவுடன் மறுபடி அதே ஓட்டம் ஓடுவதும் ஒரு சுழற்சியாகவே ஆகிவிடுகிறது. காரணமே இல்லாமல் வரும் கெட்ட நாட்களும் உண்டு, அவற்றை யாராலும் தடுக்க முடியாது. இந்தச் சுழற்சியால் வருபவற்றைக் குறைக்கலாம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை, மதியம், மாலை அசதி பத்துக்கு எத்தனை, என்ன செய்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள், வெயில் பட்டதா, இவ்வளவு போதும். சுமாரான ஒரு நாளில் எவ்வளவு வேலை உங்களால் தாங்குகிறது என்பது அதில் தெரியும், அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளில் அதைவிடக் கொஞ்சம் கூடச் செய்யலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் உற்சாகத்தில் இருக்கும்போது உடம்பு எச்சரிக்காது. களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிட களைக்கும் முன்பே பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுப்பது நல்லது. போனைப் பார்த்துக்கொண்டு படுப்பது இதில் சேராது. அப்புறம், கணக்குப் பார்ப்பதும் சத்தமான கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பதும்கூட வேலைதான், அவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

வெப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும், உடலை வருத்தி உழைத்த பின் பார்வை சற்று நேரம் மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே பதிவு செய்தார். உள்வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் போதும். காலைக் குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள்: சூடான நீர், ஆவி நிறைந்த சிறிய அறை, நின்றபடி கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தலை தேய்ப்பது, பிறகு குனிந்து கால் துடைப்பது. வேலைக்குக் கிளம்பும் முன்பே பாதித் தெம்பு போய்விடும். வழுக்காத நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, மிதமான நீரில் குளியுங்கள், துவாலையால் அழுத்தித் துடைக்காமல் பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு அப்படியே சற்று உட்காருங்கள். முடிந்தால் தலைக்குளியலை முந்தைய மாலைக்கு மாற்றிவிடுங்கள்.

அசதியாக இருப்பவரிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்வது அநியாயமாகத் தெரியலாம், ஆனாலும் எம்.எஸ். அசதிக்கு அது உதவுகிறது. வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் மிதமான நடையோ சைக்கிளோ, கூடவே இரண்டு முறை தசைப் பயிற்சி என்பது லேசான, நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்கான இலக்கு. ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள், மறுநாளும் சோர்வு நீடித்தால் குறையுங்கள். (மயால்ஜிக் என்செபலோமயலைட்டிஸ் எனப்படும் நீடித்த களைப்பு நோய் வேறு, அது உள்ளவர்களுக்கு இப்படிப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவது கெடுதல் செய்யும்.) மாத்திரையை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அமன்டடின், மோடஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆய்வில் எதுவுமே அதைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை.

வாக்குக் கொடுக்கும் பயத்துக்கு வருவோம். “வருகிறேன், ஒரு மணி நேரம் இருப்பேன், காலையில் உடம்பைப் பார்த்து உறுதி சொல்கிறேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள், கடைசி நேரத்தில் மன்னிப்புக் கேட்கும் சங்கடம் குறையும். வீட்டில் நோட்டின் எண்ணையே பேச்சாக்குங்கள்: “இன்று எட்டு” என்றால் அன்று சமையல் வேறொருவர் பொறுப்பு என்று நல்ல நாளிலேயே பேசி முடிவெடுங்கள். அலுவலகத்தில் “எனக்கு அசதி” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது, “முக்கியமான கூட்டங்களைக் காலையில் வையுங்கள், மதியம் இருபது நிமிடம் படுக்க இடம் வேண்டும்” என்றால் செய்து தர முடியும்.

புதிதாக ஒரு அறிகுறி வந்தாலோ, பழையது திடீரென்று மோசமாகி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ நரம்பியல் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ கூட இருந்தால் அதையும் சொல்லுங்கள், கிருமித்தொற்றும் இதே மாதிரி ஆளைச் சாய்த்துவிடும், அதற்கான சிகிச்சை வேறு.