ஒரே படம், இரண்டு தீர்ப்புகள்

கேள்வி: 'பிளேட் ரன்னர்' படத்தை அறிவியல் புனைவுத் திரைப்படங்களின் சிகரம் என்று சிலர் கொண்டாட, வேறு சிலர் பாதியிலேயே தூங்கிவிட்டதாகச் சொல்கிறார்களே, யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பினரும் எந்தப் பதிப்பைப் பார்த்தார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். ரிட்லி ஸ்காட்டின் இயக்கத்தில் 1982இல் திரையரங்குகளுக்கு வந்த வடிவத்தில், நாயகன் ஹாரிசன் ஃபோர்டு பின்னணிக் குரலில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார். முடிவும் சுபமாக இருக்கும். 1992ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விரண்டும் நீக்கப்பட்டு, ஒற்றைக்கொம்புக் குதிரை தோன்றும் கனவு சேர்க்கப்பட்டதால், செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகனே அவர்களுள் ஒருவனோ என்ற ஐயம் வலுப்பெற்றது. ஸ்காட் முழு உரிமையுடன் செப்பனிட்ட இறுதிப் பதிப்பு 2007இல்தான் வெளிவந்தது.

சலிப்படைந்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். துப்பறியும் கதை என்ற அளவில் இது மெலிந்ததே. நாயகன் துப்புத்துலக்குவதைவிட அடிவாங்குவதே அதிகம். நாயகியை அவன் வற்புறுத்தி முத்தமிடும் காட்சியைக் காதல் என்று ஏற்கவும் என்னால் இயலவில்லை. ஆனால் நான்கே ஆண்டு ஆயுளுடன் படைக்கப்பட்டு, தன்னைப் படைத்தவனிடமே சென்று கூடுதல் வாழ்நாள் கேட்கும் ராய் பேட்டி என்ற செயற்கை மனிதனாக நடிகர் ரட்கர் ஹவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும், வில்லன் யார் என்ற நம் கணக்கு குலைந்துகொண்டே போகிறது. இருளும் மழையும் விளம்பர ஒளியும் நிறைந்த அந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், பின்னர் வந்த எத்தனையோ படங்களுக்கு முன்மாதிரியாகிவிட்டதால், இன்று முதன்முறை பார்ப்பவருக்குப் பழகியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனது வாக்கு கொண்டாடுபவர்களுக்கே, 2007ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்.