கருவிலேயே ஏறிய சக்தி

கேள்வி: பிறர் மனத்தைப் படித்து ஆட்டிவைக்கும் சக்தி படைத்தவர்களைப் பற்றி 1981ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்கேனர்ஸ்’ என்ற கனடா நாட்டுப் படத்தைப் பேரன் கைப்பேசியில் காட்டினான். கம்ப்யூட்டர் வித்தைகள் இல்லாத அந்தக் காலத்தில் ஒருவரின் தலை வெடிப்பதை எப்படி எடுத்தார்கள்? கடைசியில் எதிரியின் உடம்பிலிருந்து நாயகனின் குரல் வருகிறதே, அதைக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று கொள்ளலாமா?

– ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம்

பதில்: அம்மா, எண்பதுகளின் இறுதியில் தருமபுரியில் நண்பர் வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தைப் பார்த்தபோது எங்களுக்கும் முதல் கேள்வி எழுந்தது; கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் பிடிபடவில்லை. ஜெலட்டினாலும் பிளாஸ்டராலும் ஒரு போலித் தலை செய்து, அதற்குள் செயற்கை இரத்தம், முயல் ஈரல், மிஞ்சிய உணவு ஆகியவற்றைத் திணித்து, பின்புறம் மறைந்திருந்த ஒருவர் துப்பாக்கியால் அதைச் சுட்டார் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அக்காட்சியின் வலிமை வெடிப்புக்கு முந்தைய சில நொடிகளில்தான் இருக்கிறது என்பேன்: மேசையருகே அமர்ந்திருப்பவரின் முகம் கோணி, கழுத்து வெட்டி வெட்டி இழுக்க, அரங்கில் இருப்பவர்களோ நடப்பது புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூடு பாய்தல் என்று தாராளமாகக் கொள்ளலாம். எரிந்து கிடப்பது நாயகன் வேலின் உடல். பேசுவது எதிரி ரெவோக்கின் உடல், ஆனால் நெற்றி வடுவைக் காணோம், கண்களும் வேலின் கண்களாகி இருக்கின்றன. நம் சித்தர் மரபில் அந்த ஆற்றல் தவத்தால் கைகூடுவது. இயக்குநர் டேவிட் குரோனன்பர்க்கின் கதையிலோ அது கேட்காமலே கருவில் ஏறிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு அமைதியூட்ட டாக்டர் ரூத் உருவாக்கிய எஃபெமரால் என்ற மருந்துதான் காரணம். அதைத் தம் மனைவிக்கே கொடுத்ததன் விளைவாகப் பிறந்த சகோதரர்கள்தாம் வேலும் ரெவோக்கும்.

மசக்கைக்கு மாத்திரை கேட்டு வந்த பெண்களுக்குப் பல்லாண்டு பதில் சொல்லிவந்த உங்களுக்குத் தாலிடோமைடு நினைவுக்கு வந்திருக்கும். மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்தைக் கர்ப்ப காலத்தில் தாய்மார்கள் உட்கொண்டதால் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைகளோடு பிறந்தார்கள். அந்தத் துயரத்தை அறிந்தவருக்கு, ரெவோக் தனக்கொரு படை திரட்டுவதற்காக மருத்துவர்கள் மூலம் அதே எஃபெமராலை மீண்டும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் செய்யும் பகுதி, வெடிக்கும் தலையைவிடப் பன்மடங்கு அச்சமூட்டும்.

பேரனோடு மறுபடி பார்க்க நேர்ந்தால், நாயகனைக் கட்டிலோடு கட்டிவைத்து, எதிரே ஒரு கூட்டத்தை அமர வைக்கும் காட்சியில் ஒலியைக் கூட்டி வையுங்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அத்தனை பேரின் எண்ணங்களும் அவன் தலைக்குள் இரைச்சலாக மோதுகின்றன. ஊசி போட்டதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த ஊசியில் இருப்பதும் எஃபெமரால்தான்.