விதைநெல் மூடையில் பறக்கும் பூச்சி

மல்லாவியிலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: “சிறுபோகத்தில் எடுத்து வைத்த விதைநெல் மூடையை அசைத்தால் வைக்கோல் நிறத்தில் சின்னப் பூச்சிகள் கிளம்புகின்றன. இரவில் லைற்றுக்கு வந்து விழும், வெண்கதிர் ஆக்கும் பூச்சி இதுதானா? காலபோகத்துக்கு இந்த நெல்லை விதைக்கலாமா?”

இரண்டும் வேறு வேறு. கதிரை மணி பிடிக்காமல் வெளுக்கவைத்து வெண்கதிர் ஆக்குவது மஞ்சள் தண்டு துளைப்பான். அதன் பெண்பூச்சிக்கு முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்; புழு நிற்கிற பயிரின் தண்டுக்குள் வாழும், மூடையில் பெருகாது. உங்களிடம் இருப்பது நெல் அந்து. ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சிறகை விரித்தால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுதான். பின்சிறகின் நுனி சட்டென்று ஒடுங்கிக் கூராக நீளும், ஓரமெல்லாம் நீண்ட மயிர். இந்த நுனியைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பிரான்சின் அங்கூமுவா மாகாணத்தில் 18ஆம் நூற்றாண்டில் தானியத்தை நாசமாக்கிப் பெயரெடுத்த பூச்சி இது. ஒலிவியே என்பவர் 1789இல் அறிவியல் பெயர் வைத்தார். இன்று நெல், சோளம், கோதுமை சேமிக்கும் நாடுகள் பெரும்பாலானவற்றில் உண்டு. குளிர்நாட்டில் களஞ்சியத்தோடு சரி. வன்னி வெயிலிலோ முற்றிய கதிரிலேயே முட்டை வைத்துவிடும். அறுவடை பிந்திய நெல் என்றால், வயலிலிருந்தே கூட வந்திருக்கும்.

பறக்கிற பூச்சி நெல்லைத் தின்னாது. புழு ஒரு மணிக்குள் புகுந்து, அங்கேயே வளர்ந்து, வெளியேற வட்டமாக ஒரு வாசலையும் வெட்டி வைக்கும். நம் வெப்பத்தில் சுமார் 5 கிழமையில் அடுத்த தலைமுறை வந்துவிடும். உமி வெடித்த மணிக்குள் புகுவது அதற்குச் சுலபம். வெட்டு மெசினில் அடிபட்ட நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, விதைக்கலாமா? இந்தப் பூச்சியால் குவியலுக்குள் ஆழமாகப் போக முடியாது. சேதம் பெரும்பாலும் மேல்நெல்லில்தான். அதை அள்ளிக் கோழிக்குப் போடுங்கள். மிச்சத்தைச் சுளகில் புடைத்து, நடுவிலிருந்து 100 மணி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். ஒரு கிழமைக்குள் 85 முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 60, 70 என்றால் வேறு விதை தேடுவதே நல்லது.

விதைப்புக்கு நாள் இருந்தால் படங்கில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டு, ஆறியபின் இறுக்கமாக மூடும் பரலில் நிரம்பக் கொட்டி வையுங்கள். காற்றில்லாவிட்டால் உள்ளே இருக்கும் புழுவும் செத்துவிடும். பொஸ்பீன் வாயுக் குளிசை மட்டும் வேண்டாம். ஆட்கள் படுக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து.