நான்கு ஆண்டுகளில் வீரர்கள் மாறிவிடும் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியை ஏன் இவ்வளவு ஆழமாகப் பின்தொடர்கிறார்கள்?

"வீரர்கள் எல்லாரும் போய்விடுவார்களே, பிறகு யாரைத்தான் நேசிக்கிறீர்கள்?" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அப்படியொரு ரசிகர் இருக்கிறார் என்றும், அவருடைய அணி தோற்ற இரவில் சாப்பிடாமலே படுத்துவிட்டார் என்றும் ஊகிக்கிறேன். நானும் அப்படிப் படுத்தவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

2014 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அதுவரை கூடைப்பந்தின் விதிகள்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் உடன் படித்த ஒருவர் பல்கலைக்கழக அணி ஆடும் ஜான் பால் ஜோன்ஸ் அரங்கத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். கூடையில் பந்து விழும்போதுதான் கூட்டம் ஆர்ப்பரிக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே நடந்தது வேறு. அப்போதைய விதிப்படி பந்தை வைத்திருக்கும் அணி 35 நொடிக்குள் கூடையை நோக்கி வீசியாக வேண்டும். எதிரணி வழி கிடைக்காமல் பந்தை இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டே இருக்க, கடிகாரம் பத்துக்குக் கீழே இறங்கியதும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நேரம் முடிந்து ஒலி எழுந்தபோது அரங்கமே அதிர்ந்தது. ஒரு புள்ளியும் கிடைக்காத ஒரு கணத்துக்காக ஆயிரக்கணக்கானோர் மகிழ்ந்ததைப் பார்த்த அன்றே நான் அந்த அணியின் ஆளாகிவிட்டேன்.

பயிற்சியாளர் டோனி பென்னட் ஆடவைத்த அந்தத் தடுப்பாட்டத்துக்குப் 'பேக் லைன்' என்று பெயர். அதை உருவாக்கியவர் அவருடைய தந்தை டிக் பென்னட். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கிப் பிடிக்க, மற்ற நால்வரும் கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடியில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு கோட்டுக்குள்ளேயே நின்று, உள்ளே நுழையும் வழிகளை அடைப்பார்கள். இதைச் 'சலிப்பூட்டும் ஆட்டம்' என்று தொலைக்காட்சியில் வர்ணனையாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐந்து பேர் ஒரே மூச்சாக நகர்வதைப் பார்க்கத் தெரியாதவர்கள் அதை ஆட்டத்தின் குறையாகச் சொல்வது எனக்கு இன்றும் வலிக்கிறது. வேகம் மட்டுமே அழகு என்று எந்த விதியும் இல்லை.

இனி அந்த இரவு. 2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை. படிப்பை முடித்து வேறு ஊரில் வேலையில் இருந்தேன். சக ஊழியர் ஒருவர் வீட்டில், ஆரஞ்சு நிறச் சட்டையுடன் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தேன். 31 வெற்றி, இரண்டே தோல்வி என்ற கணக்கோடு, நாட்டிலேயே முதலிடம் தரப்பட்ட அணியாக நாங்கள் கல்லூரி அணிகளின் தேசியத் தொடருக்குள் நுழைந்திருந்தோம். அந்தத் தொடரில் அணிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை இடம் தருவார்கள். எதிரே யூஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) என்ற, 16-ஆம் இடம் தரப்பட்ட அணி. 1985-இல் தொடரில் 64 அணிகள் ஆடத் தொடங்கியது முதல், ஆடவர் பிரிவில் முதலிட அணிகள் 16-ஆம் இட அணிகளைச் சந்தித்த 135 ஆட்டங்களிலும் முதலிட அணிகளே வென்றிருந்தன. இடைவேளையில் 21-21. "இரண்டாம் பாதியில் பார்த்துக்கொள்வார்கள்" என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். அந்தப் பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 53 புள்ளிகளே விட்டுக்கொடுத்த அணி, அந்த இருபது நிமிடத்தில் மட்டும் 53 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. 74-54. திங்கட்கிழமை அலுவலகம் சென்றபோது, என் இருக்கைக்கு எதிரே இருந்த வெள்ளைப் பலகையில் அந்த இரண்டு எண்கள் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. நான் அழிக்கவில்லை. எழுதியவரே வியாழக்கிழமை அழித்தார்.

எங்கள் வீரர் டி'ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிவால் அன்று ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் அதை நான் சாக்காகச் சொல்லமாட்டேன், ஏனெனில் பென்னட்டும் சொல்லவில்லை. எதிரணி தங்களைவிட நன்றாக ஆடியது என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போனார். தோற்ற ஆட்டத்தில் தரையில் குனிந்திருந்த தன் படத்தையே எங்கள் இன்னொரு வீரர் கைல் கை தன் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. கைல் கை, டை ஜெரோம், ஹன்டர், மமாடி டியாகிடே ஆகிய நால்வரும் அடுத்த நவம்பரில் அதே சட்டையோடு திரும்பி வந்தார்கள். டியாகிடே கினியாவிலிருந்து வந்தவர். முதல் ஆண்டு முழுவதும் ஆடாமல் பயிற்சி மட்டும் பெற்றவர். 2019 மார்ச் 30 அன்று தேசியத் தொடரில் பர்டியூ அணிக்கு எதிராக, ஜெரோம் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவை (எதிரணி செய்த தவறுக்காக, யாரும் தடுக்காமல் வீசக் கிடைக்கும் ஒரு புள்ளி வாய்ப்பு) டியாகிடே பின்னுக்குத் தட்டிவிட, பந்து மைதானத்தின் மறுபாதிவரை உருண்டோடியது. எங்கள் கிஹே கிளார்க் துரத்திப் பிடித்து நீளமாக வீச, அதை வாங்கிய டியாகிடே கடைசி நொடி தீரும் முன் கைவிட்ட பந்து கூடையில் இறங்கியது. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என்று வென்றோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்டிலிருந்து பார்த்து வந்த எனக்கு அந்த வீச்சு என்னவாக இருந்திருக்கும் என்பதை, இறுதிச் சுற்றை மட்டும் பார்ப்பவர்களுக்கு என்னால் விளக்க முடியாது. அவர்கள் சில ஆண்டுகளே இருப்பார்கள் என்று தெரிவதால்தான் அந்த ஆண்டுகளில் ஒரு நாளைக்கூடத் தவறவிட மனம் வருவதில்லை.

அரையிறுதியில் ஆபர்ன் அணி 62-60 என முன்னிலையில் இருக்க, 0.6 நொடி மீதமிருந்தபோது கைல் கைக்கு மூன்று ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. ஃபவுல் கொடுக்கப்பட்டதும் அவர் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றதை இப்போதும் கண்முன் காண்கிறேன். மூன்றையும் போட்டார், 63-62. அதற்குச் சற்று முன் ஜெரோம் செய்த 'டபுள் ட்ரிப்பிள்' தவறை (பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது) நடுவர்கள் கவனிக்கவில்லை என்று இங்கே எழுத வருவார்கள் என்பது தெரியும். ஆம், கவனிக்கவில்லை. ஆனால் 0.6 நொடியே மீதமிருக்க, எதிரணி ரசிகர்கள் கூச்சலிட மூன்று முறை வீசி மூன்றையும் போட்டதை நடுவர் யாரும் அவருக்குத் தரவில்லை. ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸில் டெக்சஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று, வர்ஜீனியா முதன்முறையாகத் தேசியக் கோப்பையை எடுத்தது. முந்தைய ஆண்டு ஆட முடியாமல் போன ஹன்டர் அன்று 27 புள்ளிகள் எடுத்தார்.

இன்று என் கவலை வேறு. 2021 முதல், வேறு கல்லூரி அணிக்கு மாறும் வீரர் அங்கே ஆட ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் 'ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வழியாக ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி அணி கலைந்துவிடுகிறது. இப்போது வீரர்கள் பணமும் பெறுகிறார்கள்; அதை நான் எதிர்க்கவில்லை. அரங்கை நிரப்பியவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு அது முன்பே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 2018-இல் இந்த ஏற்பாடு இருந்திருந்தால், அந்த நால்வரும் ஒன்றாகத் திரும்பி வந்திருப்பார்களா? 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, மாறிவிட்ட இந்தச் சூழலுக்குத் தான் ஏற்றவரல்ல என்று சொல்லி பென்னட் விலகினார். அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

2025 மார்ச்சில் புதிய பயிற்சியாளராக ரையன் ஓடம் நியமிக்கப்பட்டார். அவருடைய தந்தை வர்ஜீனியாவில் துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், அந்த அணிக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக இருந்தவர். 2018-இல் எங்களை வீழ்த்திய யூஎம்பிசி அணியின் பயிற்சியாளரும் அவரே. செய்தி வந்த மாலை, பழைய அலுவலகத்தில் வெள்ளைப் பலகையில் எழுதிய நண்பரிடமிருந்து, பல ஆண்டுகளுக்குப் பின், '74-54' என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. '85-77' என்று பதில் அனுப்பிவிட்டு, நவம்பர் ஆட்டங்களின் அட்டவணை வெளியாகிவிட்டதா என்று பார்க்கத் தொடங்கினேன்.